12 வருட டபுள் டோர் பிரிட்ஜ்: கேஸ் அடிக்கவா, புதுசு வாங்கவா?

1. தாமிரபரணி

பாளையங்கோட்டை. 2013-ல் வாங்கிய 260 லிட்டர் டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ (பனி தானாக உருகும் வகை), இன்வெர்ட்டர் (தேவைக்கேற்ப வேகம் மாற்றும் வகை) இல்லாத சாதாரண கம்ப்ரசர். பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் ஆர்-134ஏ கேஸ், 110 கிராம் என்று இருக்கிறது.

பத்து நாளாகக் கீழறை குளிரவில்லை. இட்லி மாவு மறுநாளே பொங்கி வழிகிறது, பால் ஒன்றரை நாளில் திரிகிறது. மேலே ப்ரீசரில் தண்ணீர் வைத்தால் ஐஸ் ஆகிறது, ஆனால் ஐஸ்கிரீம் இளகியே இருக்கிறது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது.

மெக்கானிக் வந்து பின்பக்கக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். "கேஸ் போயிடுச்சு, ஃபில்டர் மாத்தி கேஸ் அடிக்க 3,500. கம்ப்ரசர் வீக்கா இருந்தா மொத்தம் 8,500 ஆகும்" என்றார். எக்ஸ்சேஞ்ச் கழித்துப் புதுசு 26,000-க்குக் கடையில் சொல்கிறார்கள். இரண்டு மாத கரண்ட் பில் 420-லிருந்து 480 யூனிட் வரை வரும். என்ன செய்வது நல்லது?

2. கோவை எலக்ட்ரிகல்

12 வருஷம் உழைத்துவிட்டது, விட்டுவிடுங்கள் சார். இன்று கேஸ், அடுத்த மாதம் ரிலே (கம்ப்ரசரைக் கிளப்பும் ஸ்விட்ச்), அதற்கடுத்து கம்ப்ரசர் என்று செலவு தொடரும். புது இன்வெர்ட்டர் மாடல் கரண்டும் குறைவாக இழுக்கும். 3,500 ரூபாயைப் பழையதில் போடுவதற்குப் பதில் புதுசுக்கு முன்பணமாகக் கட்டிவிடலாம்.

3. குளிர்வாயு

வாங்குவதா வேண்டாமா என்பது அப்புறம். முதலில் பழுது எதில் என்று தெரிய வேண்டும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜில் ப்ரீசரின் உள் பேனலைக் கழற்றிக் கூலிங் காயிலைக் கண்ணால் பார்க்காமல் "கேஸ் போச்சு" என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

காரணம் சொல்கிறேன். இந்த வகையில் குளிர் உண்டாவது ஒரே இடத்தில்தான்: ப்ரீசரின் பின் பேனலுக்குள் இருக்கும் காயில். அங்கிருந்து ஒரு சின்ன ஃபேன் காற்றை மேலேயும், ஒரு சந்து வழியாகக் கீழறைக்கும் தள்ளுகிறது. காயில் மேல் படியும் பனியை 8 முதல் 12 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஹீட்டர் உருக்க வேண்டும் (இதுதான் டிஃப்ராஸ்ட்). அந்த ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் பனி இறுகி, காயிலையே மூடிவிடும். காற்று புக வழியில்லை. முதலில் அடிபடுவது கீழறை. ப்ரீசர் காயிலுக்கு ஒட்டியே இருப்பதால் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே இதுதான்.

மெக்கானிக் தொட்டுப் பார்த்து ஏமாறுவதற்கும் இதுவே காரணம். காயில் ஐஸால் மூடிக்கொண்டால் அது வெப்பத்தை வாங்காது. வாங்காத வெப்பத்தைப் பின்பக்கக் கண்டென்சர் எங்கிருந்து வெளியே விடும்? அதனால் கண்டென்சர் வெதுவெதுப்பாகவே இருக்கும். கேஸ் குறைந்தாலும் அதே வெதுவெதுப்புதான். வெளியிலிருந்து இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். கேஸ் அடிக்கும் வேலைக்காகப் பிரிட்ஜை அரை நாள், ஒரு நாள் அணைத்து வைப்பார்கள். அதற்குள் உள்ளே இருந்த ஐஸ் தானாக உருகிவிடும். திரும்பப் போட்டதும் பிரமாதமாகக் குளிரும். 3,500 கைமாறும். பத்துப் பதினைந்து நாளில் பழைய குருடி கதவைத் திறடி. "கேஸ் அடிச்சும் நிக்கலை, கம்ப்ரசர் போச்சு" என்ற அடுத்த பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

4. தாமிரபரணி

நன்றி அண்ணா. மல்டிமீட்டர் வீட்டில் இருக்கிறது. பேனலை நானே கழற்றலாமா? எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

5. குளிர்வாயு

தாராளமாகக் கழற்றலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மட்டும் கை வையுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது.

கழற்றுமுன் ஒரு சோதனை. ப்ரீசர் கதவைத் திறந்து, கதவு ஸ்விட்சை விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஃபேன் சுற்றும் சத்தமும் காற்றும் வர வேண்டும். டர்ர் என்று உரசும் சத்தம் வந்தால் இறக்கை ஐஸில் இடிக்கிறது. சத்தமே இல்லையென்றால் ஃபேன் மோட்டார் போயிருக்கலாம், அல்லது அந்த நேரம் டிஃப்ராஸ்ட் ஓடிக்கொண்டிருக்கலாம். அரை மணி கழித்து மறுபடி பாருங்கள்.

அடுத்து பிளக்கைப் பிடுங்கி, ப்ரீசர் தட்டுகளை எடுத்து, பின் பேனலின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். ஸ்க்ரூ மேல் பிளாஸ்டிக் மூடி இருக்கும். பேனல் வரவில்லை என்றால் ஐஸ் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கத்தி, ஸ்க்ரூடிரைவர் கொண்டு நெம்பக் கூடாது. காயில் அலுமினியம், லேசாகக் குத்தினாலும் ஓட்டை. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றியோ ஹேர் டிரையர் காட்டியோ இளக்குங்கள்.

காயிலைப் பார்த்ததும் போட்டோ எடுத்துவிடுங்கள், உருகிய பிறகு சாட்சி இருக்காது. மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக, கெட்டியாக மூடியிருந்தால் டிஃப்ராஸ்ட் பழுது. முதல் ஒன்றிரண்டு வரிசையில் மட்டும் பனி, மீதிக் காயில் ஈரமாகவோ காய்ந்தோ இருந்தால் கேஸ் குறைவு அல்லது கேப்பிலரி (காயிலுக்குக் கேஸ் போகும் மெல்லிய குழாய்) அடைப்பு. எல்லா வரிசையிலும் மெல்லிய பனி சீராகப் படர்ந்திருந்து கீழறை மட்டும் சூடு என்றால் ஃபேன், அல்லது காற்றுச் சந்தைத் திறந்து மூடும் டேம்பர்.

முழுதும் மூடியிருந்தால் கதவைத் திறந்துபோட்டு 24 மணி நேரம் விடுங்கள். அடியில் பழைய துணிகள் வையுங்கள். பின்னால் இருக்கும் ட்ரே இவ்வளவு தண்ணீரைத் தாங்காது. நன்றாக உருகிய பிறகு மீட்டர் வேலை.

ஹீட்டரின் இரு முனை: 150 வாட் ஹீட்டருக்குச் சுமார் 350 ஓம் காட்டும். 200-லிருந்து 450-க்குள் எது வந்தாலும் பரவாயில்லை, மாடலுக்கு மாடல் வாட் மாறும். மீட்டர் அசையவே இல்லை என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது.

தெர்மல் ஃபியூஸ்: எந்த வெப்பநிலையிலும் தொடர்பு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் போய்விட்டது. அதை நேராக ஒயர் போட்டு இணைக்காதீர்கள். டிஃப்ராஸ்ட் நிற்காமல் ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தால் பிளாஸ்டிக் தீப்பிடிக்காமல் காப்பது அது ஒன்றுதான்.

பைமெட்டல்: இதில்தான் பலர் தவறுகிறார்கள். காயிலில் கிளிப் மாதிரி மாட்டியிருக்கும் உருண்டை, காயிலின் சூட்டைப் பார்த்து ஹீட்டரை ஓடவிட்டு நிறுத்தும் ஸ்விட்ச். அறை வெப்பத்தில் அது தொடர்பு காட்டாது, காட்டவும் கூடாது. பூஜ்யத்துக்குக் கீழே 5, 7 டிகிரி போனால்தான் மூடும். 10 டிகிரிக்கு மேல் வந்தால் திறக்கும். வெளியே எடுத்து உடனே மீட்டர் வைத்துவிட்டு "போச்சு" என்பது தவறு. ஒரு கிண்ணத்தில் நொறுக்கிய ஐஸ், அதன் மேல் இரண்டு கை கல் உப்பு போட்டுக் கலக்கி, பைமெட்டலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அதில் பதினைந்து நிமிடம் புதைத்து வையுங்கள். அப்போதும் தொடர்பு காட்டாவிட்டால்தான் அது பழுது.

கடைசியாக, கம்ப்ரசரையும் ஹீட்டரையும் மாற்றி மாற்றி ஓடவிடும் டைமர். இதை மட்டும் பேனலை மாட்டி, பிளக்கைப் போட்டு, கம்ப்ரசர் ஓடும்போது பார்க்க வேண்டும். உங்கள் மாடலில் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் பெட்டிக்குள்ளோ கம்ப்ரசர் பக்கத்திலோ இருக்கும். நடுவில் இருக்கும் பிளவில் நாணயம் வைத்துக் கடிகாரம் சுற்றும் திசையில் மெல்லத் திருப்பினால் டக் என்ற சத்தத்தோடு கம்ப்ரசர் நிற்கும், காயில் குளிர்ந்திருந்தால் ஹீட்டர் ஓட வேண்டும். அரை மணிக்குள் தானாகத் திரும்பிக் கம்ப்ரசர் ஓடினால் டைமர் நலம்.

6. கடலோரம்

தூத்துக்குடியிலிருந்து ஒரு விஷயம் சேர்க்கிறேன். எந்த பாகத்துக்கும் பணம் கொடுக்கும் முன் பின்பக்கக் கீழ் மூடியைக் கழற்றி, தண்ணீர் ட்ரேயின் அடியில் ஓடும் இரும்புக் குழாயைப் பாருங்கள். கம்ப்ரசரின் சூட்டு வாயு அந்தக் குழாய் வழியாகப் போய் ட்ரே தண்ணீரை ஆவியாக்கும். தண்ணீரிலேயே கிடப்பதால் 10 வருடத்துக்கு மேல் ஆனால் அது துருப்பிடிக்கும். கடலோர ஊரில் 6, 7 வருடத்திலேயே. இங்கே கேஸ் கசிவுகளில் கணிசமானவை இந்த இடத்தில்தான்.

மேலாகச் சிவந்திருந்தால் பயமில்லை. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எபாக்ஸி பெயின்ட் அடிக்கலாம். செதில் செதிலாக உரிந்து, விரலால் தடவும்போது குழி தெரிந்தால் தேய்க்கவே வேண்டாம், தேய்த்தாலே ஓட்டை விழும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஏற்கெனவே கசிகிறது. கேஸ் வெளியேறும்போது கம்ப்ரசர் ஆயிலும் கூடவே வரும்.

7. மின்கணக்கு

கரண்ட் கணக்கைத் தனியாகப் பார்ப்போம். "புதுசு வாங்கினால் கரண்டிலேயே காசு வந்துவிடும்" என்பது பெரும்பாலான வீடுகளில் நிஜமில்லை.

உங்கள் அளவுப் பிரிட்ஜ் பழுதில்லாமல் இருந்தால் ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை யூனிட், வருடத்துக்கு 550. இப்போது நிற்காமல் ஓடுவதால் 120 வாட் என்று வைத்தாலும் நாளுக்கு 2.9 யூனிட். இரண்டு மாதத்தில் 80 யூனிட்டுக்கு மேல் வீண். உங்கள் பில் 480 வரை போகிறது. இந்தப் பழுதோடு விட்டால் 500-ஐத் தாண்டும், தாண்டினால் கடைசி யூனிட்டுகள் 8 ரூபாய்க்கு மேல், கீழடுக்கில் கிடைத்த சலுகையும் குறையும். அந்த பில்லைப் பார்த்துப் "பழைய பிரிட்ஜ் கரண்ட் தின்கிறது" என்று முடிவெடுத்துவிடாதீர்கள். தின்பது பழுது. சரிசெய்த பிறகு அளந்ததைத்தான் புதுசோடு ஒப்பிட வேண்டும்.

புது 3 ஸ்டார் 260 லிட்டரின் லேபிளில் வருடத்துக்கு 220 யூனிட் மாதிரி போட்டிருப்பார்கள். அது ஆய்வகக் கணக்கு. நம் அடுக்களைச் சூட்டில், கதவு திறந்து மூடும் வேகத்தில் 300 என்று வையுங்கள். மிச்சம் 250 யூனிட். உங்கள் மேல் அடுக்கு சராசரியாக 7 ரூபாய் என்றால் வருடம் 1,750 ரூபாய். 26,000-ஐ இதில் வகுத்தால் 15 வருடம். புதுப் பிரிட்ஜே அதற்குள் பழசாகிவிடும்.

அதே சமயம் 8,500 கொடுத்துக் கம்ப்ரசர் மாற்றுவது வேறு கணக்கு. 12 வருடப் பெட்டியில் அந்த வேலை இன்னும் 3 வருடம் தாங்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 2,830, கரண்ட் 3,850, மொத்தம் 6,680. புதுசு 12 வருடம் ஓடினால் வருடத்துக்கு 2,170, கரண்ட் 2,100, மொத்தம் 4,270. அங்கே புதுசுதான் வெல்லும். வயதைக் கேட்காதீர்கள், பழுதின் விலையை அது தரும் ஆயுளால் வகுத்துப் பாருங்கள்.

8. தாமிரபரணி

பேனலைக் கழற்றினேன். காயில் தெரியவே இல்லை, மேலிருந்து கீழ் வரை ஒரே ஐஸ் பாளம். ஃபேன் இறக்கையும் பாதி புதைந்திருந்தது. 24 மணி நேரம் உருகவிட்டேன்.

மீட்டர் அளவுகள்: ஹீட்டர் 340 ஓம். தெர்மல் ஃபியூஸ் தொடர்பு காட்டுகிறது. பைமெட்டல் ஐஸ் உப்புக் கலவையில் இருபது நிமிடம் வைத்தும் திறந்தே இருக்கிறது. டைமரைத் திருப்பினால் கம்ப்ரசர் நிற்கிறது, 22 நிமிடத்தில் திரும்ப ஓடுகிறது.

பேனலை மாட்டிப் போட்டுவிட்டேன். கீழறையில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டர் வைத்து மறுநாள் காலை பார்த்தேன்: 4 டிகிரி. ப்ரீசர் மைனஸ் 17.

9. குளிர்வாயு

தீர்ந்தது. மைனஸ் 17 இறங்குகிற பெட்டியில் கேஸ் குறைவு இல்லை. கம்ப்ரசரும் பம்ப் செய்கிறது. பைமெட்டல் ஒன்றுதான். 340 ஓம் என்றால் 155 வாட், அதுவும் நலம்.

பழைய பைமெட்டலின் முதுகில் எண் அச்சடித்திருக்கும். கடைக்கு அதையே எடுத்துப் போங்கள். பல மாடல்களில் பைமெட்டலும் தெர்மல் ஃபியூஸும் ஒரே ஒயர் செட்டாக வரும். அப்படியானால் செட்டாகவே மாற்றுங்கள். 250-லிருந்து 500 ரூபாய்க்குள் இருக்கும். ஆள் வைத்துச் செய்தால் கூலியோடு 900 வரலாம்.

மாட்டும்போது பழையது இருந்த அதே குழாயில், அதே இடத்தில் கிளிப் உட்கார வேண்டும். ஹீட்டருக்கு அருகே தள்ளி மாட்டினால் காயில் உருகும் முன்பே பைமெட்டல் சூடாகித் திறந்துவிடும், கீழ்ப்பகுதியில் ஐஸ் தங்கும். ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள். அந்த இடம் தினம் நனைந்து உறைந்து உருகும், டேப் ஒரு மாதம்கூடத் தாங்காது. நெரித்து இறுக்கும் கிரிம்ப் கனெக்டர் போட்டு, மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை), இரு முனையிலும் சிலிக்கான்.

பேனல் திறந்திருக்கும்போதே காயிலுக்குக் கீழே உள்ள வடிகால் ஓட்டையில் வெந்நீர் ஒரு டம்ளர் ஊற்றுங்கள். பின் ட்ரேயில் வந்து விழ வேண்டும். அடைத்திருந்தால் உருகும் தண்ணீர் ப்ரீசர் தரையில் பலகையாக உறையும், காய்கறி ட்ரேக்குக் கீழே தண்ணீர் தேங்கும்.

புது பைமெட்டல் போட்டபின் ஒரு நாள் ஓடவிட்டு டைமரைக் கையால் திருப்பிப் பாருங்கள். கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்வி ஆம்ப் அளப்பது) இருந்தால் 0.65 ஆம்ப் பக்கம் காட்டும், ஐந்து நிமிடத்தில் ட்ரேயில் சொட்டுச் சத்தம் கேட்கும்.

10. கோவை எலக்ட்ரிகல்

டிஃப்ராஸ்ட் என்று தெரிந்தபின் நான் சொன்னது பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய பிரிட்ஜ் வைத்திருக்கும் மற்றவர்களும் இதைப் படிப்பார்கள். கேஸ் உண்மையிலேயே போயிருந்தால் எது வரை செலவு செய்யலாம்? கம்ப்ரசர் நிஜமாகவே போனதா என்று எப்படிப் பார்ப்பது? அதையும் எழுதுங்கள்.

11. குளிர்வாயு

கம்ப்ரசர் முதலில். டக் டக் என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை சத்தம் வந்து ஓடாமல் போனால் உடனே கம்ப்ரசரைக் குறை சொல்ல வேண்டாம். பக்கவாட்டுப் பெட்டியில் இருக்கும் ரிலேயை எடுத்துக் குலுக்குங்கள். உள்ளே கலகலவென்றால் உடைந்துவிட்டது. ரிலேயும் ஓவர்லோடும் (சூடேறினால் துண்டிக்கும் ஸ்விட்ச்) சேர்த்து 300, 600 ரூபாய்க்குள். அடுத்து கம்ப்ரசரின் காமன், ரன், ஸ்டார்ட் என்ற மூன்று பின்களுக்கு இடையே ஓம் அளக்கவும். காமன் முதல் ரன், காமன் முதல் ஸ்டார்ட், இந்த இரண்டின் கூட்டுத்தொகை ரன் முதல் ஸ்டார்ட் வரை உள்ள அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். எந்தப் பின்னுக்கும் வெளிக்கூட்டுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இது சரியாக இருந்து, வோல்டேஜும் 190-க்கு மேல் இருந்து, புது ரிலே போட்டும் உறுமி நின்றால் உள்ளே இறுகிவிட்டது.

இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வேறு இனம். மூன்று பின்களுக்கு இடையேயும் ஒரே ஓம் வரும். அதற்கு நேரடியாக 230 வோல்ட் கொடுத்துச் சோதிப்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள், உள்ளே இருக்கும் மோட்டார் வைண்டிங் எரிந்துவிடும். பல நேரம் போயிருப்பது அதை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டுதான், மின்வெட்டு முடிந்து வரும் திடீர் வோல்டேஜ் ஏற்றத்தில் அடிபட்டிருக்கும். கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரன்டி என்று இருந்தால் அட்டையை ஒருமுறை படியுங்கள்: வழக்கமாக கம்ப்ரசர் பாகத்துக்கு மட்டும்தான், கேஸ், ஃபில்டர், கூலி, போர்டு எல்லாம் உங்கள் கணக்கு. பில் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

இனி கேஸ். கேஸ் தேய்ந்து போகும் பொருளல்ல. குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் "டாப் அப்" செய்வது பணத்தைக் காற்றில் விடுவது. முறையான வேலை இப்படி இருக்கும்: நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரையால் எல்லா இணைப்பையும் பார்ப்பார், அழுத்தம் இறங்குகிறதா என்று சில மணி நேரம் நிறுத்தி வைப்பார். ஓட்டையைப் பற்றவைப்பார். ஃபில்டர் டிரையரைக் கட்டாயம் மாற்றுவார்; லைனைத் திறந்தாலே அது ஈரம் குடித்துவிடும். லைனில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேக்குவம் பம்ப் குறைந்தது அரை மணி ஓடும். பிறகு சிலிண்டரைத் தராசில் வைத்து, தகட்டில் உள்ள கிராம் அளவை மட்டும் ஏற்றுவார்.

வேக்குவம் பம்ப்பும் தராசும் இல்லாமல் வந்தவரிடம் கேஸ் வேலை கொடுக்காதீர்கள். ஈரம் உள்ளே இருந்தால் கேப்பிலரி வாயில் அது உறைந்து அடைக்கும்: சில மணி நேரம் குளிரும், பிறகு நின்றுவிடும், அணைத்துப் போட்டால் மறுபடி குளிரும். இந்த விட்டு விட்டு வரும் நோய் சரியாக வேக்குவம் எடுக்காத பிரிட்ஜில் வருவது.

சமீபத்திய மாடல்கள் பெரும்பாலும் ஆர்-600ஏ. அது ஐசோபியூட்டேன், தீப்பற்றும். 30 முதல் 60 கிராம்தான் இருக்கும், நான்கைந்து கிராம் கூடினாலே குளிர்ச்சி கெடும், அதனால் இதில் தராசு இல்லாமல் முடியவே முடியாது. ஓடும்போது உறிஞ்சும் பக்கத்தின் அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவு. அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தால் காற்றும் ஈரமும் உள்ளே ஏறிவிடும். ஜன்னலைத் திறந்து, கேஸை வெளியே குழாய் வைத்து விட்டு, நைட்ரஜன் ஓட்டிய பிறகே டார்ச் பற்றவைக்க வேண்டும். ஆர்-134ஏ பெட்டியில் ஆர்-600ஏ போடுவது, சமையல் கேஸ் போடுவது இரண்டும் ஆபத்து. பழைய பெட்டியின் ஸ்விட்ச், டைமர், ஹீட்டர் எதுவும் தீப்பற்றும் கேஸுக்கு ஏற்றதாகச் செய்யப்படவில்லை.

எது வரை செலவு செய்யலாம் என்றால்: கேஸ் லைனுக்கு வெளியே இருக்கும் எந்த பாகமும், கதவு ரப்பர், ஹீட்டர், பைமெட்டல், டைமர், ஃபேன், ரிலே, தெர்மோஸ்டாட், எந்த வயதிலும் மாற்றலாம். கேஸ் லைனைத் திறக்கும் வேலையை 7, 8 வருடத்துக்குள் செய்யலாம், ஓட்டை வெளியே கண்ணில் படும் இடமாக இருந்தால் 10 வரைகூட. ஓட்டை ஃபோமுக்குள், கதவு ஓரச் சூட்டுக் குழாயில் என்றால் அதைத் துண்டித்து வெளியே கண்டென்சர் வைப்பார்கள். குளிரும், ஆனால் மழைக்காலத்தில் கதவு ஓரம் வேர்த்து வடியும், துருவேறும். 12 வருடப் பெட்டிக்கு அந்த வேலை வேண்டாம்.

12. அடுக்களை

நடுவில் கேட்கிறேன், மன்னிக்கவும். எங்களுடையது 190 லிட்டர் சிங்கிள் டோர், 6 வருடம். ஐஸ் பெட்டியில் கத்தியால் சுரண்டும்போது புஸ் என்று சத்தம் வந்தது, குளிர்ச்சி நின்றுவிட்டது. எபாக்ஸி வைத்து அடைத்து 2,000 ரூபாய்க்குக் கேஸ் அடித்துத் தருகிறேன் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். செய்யலாமா அண்ணா?

13. கடலோரம்

எபாக்ஸி வேண்டாம் தங்கச்சி. ஐஸ் பெட்டி அலுமினியத் தகடு, தினமும் சுருங்கி விரியும். ஒட்டியது சில மாதத்தில் பிளவுபடும், கேஸ் மறுபடி போகும். சில மாடல்களில் ஐஸ் பெட்டியை முழுதாகக் கழற்றிப் புதியது மாட்டலாம், உங்கள் மாடல் எண் சொல்லிப் பாகம் கிடைக்குமா என்று கேளுங்கள். பெட்டி, ஃபில்டர், கேஸ், கூலி எல்லாம் சேர்ந்து 4,500-க்குள் முடிந்தால் 6 வருடப் பிரிட்ஜுக்குச் செய்யலாம். அதற்கு மேல் கேட்டால் புது சிங்கிள் டோர் 14,000, 15,000-க்கே வருகிறது.

இன்னும் ஒன்று. ஓட்டை விழுந்த பிறகும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்ததா? ஓடியிருந்தால் ஐஸ் தண்ணீரை உள்ளே இழுத்திருக்கும். அப்படியானால் ஆயிலும் கெட்டிருக்கும், கம்ப்ரசர் ஆயுள் சொல்ல முடியாது. உடனே அணைத்திருந்தால் மட்டும் ரிப்பேர் பற்றி யோசியுங்கள்.

14. அடுக்களை

ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது.

15. குளிர்வாயு

அப்படியென்றால் ரிப்பேர் வேண்டாம் அம்மா. தண்ணீர் உள்ளே போன லைனை முழுதாக உலர்த்துவது வீட்டில் நடக்கிற வேலை இல்லை. புதியதில் டிஃப்ராஸ்ட் பட்டனை வாரம் ஒருமுறை அழுத்தினால் சுரண்ட வேண்டிய தேவையே வராது. ஐஸ் அரை செ.மீ. தடிமன் ஏறுவதற்குள் அழுத்திவிடுங்கள்.

16. தாமிரபரணி

பைமெட்டல் செட் 380 ரூபாய்க்குக் கிடைத்தது, நானே மாட்டினேன். டைமரைத் திருப்பியதும் சொட்டுச் சத்தம் கேட்டது. பிளக் மீட்டர் வாங்கி 48 மணி நேரம் ஓடவிட்டதில் 2.7 யூனிட். கீழறை 4, ப்ரீசர் மைனஸ் 18.

கடலோரம் சொன்னபடி ட்ரே அடியில் பார்த்தேன். குழாய் சிவந்திருக்கிறது, குழி இல்லை, எண்ணெய் இல்லை. கதவு ரப்பரில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்தால் கீழ் மூலையில் மட்டும் தடையில்லாமல் வருகிறது. ரப்பர் மாற்ற 1,100 கேட்கிறார்கள்.

17. மின்கணக்கு

நாளுக்கு 1.35 யூனிட், வருடத்துக்கு 490 பக்கம். இது நான் நினைத்ததைவிட நல்ல பெட்டி. வருடக் கரண்ட் 3,450, பைமெட்டல் செலவை இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் 190. புதுசின் 4,270-ஐ விடக் குறைவு. வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 26,000-ஐ இப்போதே மாதம் ஆயிரமாக ஒதுக்கத் தொடங்குங்கள். கேஸ் லைன் என்றைக்குக் கசிகிறதோ அன்றைக்கு மாற்ற வேண்டும், அவசரத்தில் கடையில் இருப்பதை வாங்கும் நிலை வரக் கூடாது. வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். நட்சத்திர அளவுகோலைச் சில வருடங்களுக்கு ஒருமுறை இறுக்குகிறார்கள், பழைய லேபிளின் 4 ஸ்டாரும் புது லேபிளின் 3 ஸ்டாரும் ஒன்றாகவே இருக்கலாம். லேபிளில் எந்த ஆண்டுக்கானது என்றும், வருடத்துக்கு எத்தனை யூனிட் என்றும் அச்சடித்திருக்கும். யூனிட்டை மட்டும் ஒப்பிடுங்கள். 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் வருடம் 60 யூனிட் வித்தியாசம் என்றால் 420 ரூபாய். அதற்காக 6,000 கூடுதலாகக் கொடுப்பது வீண்.

18. கடலோரம்

ரப்பருக்கு 1,100 கொடுக்கும் முன் மூலையை ஹேர் டிரையரில் சூடாக்கி, விரலால் வெளியே இழுத்து வடிவம் கொடுத்து, கதவை மூடி ஒரு ராத்திரி விடுங்கள். ரப்பர் கிழியாமல் வெறும் மடிந்து போயிருந்தால் இதிலேயே சரியாகிவிடும். கதவு தொங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மேல் கீலின் போல்ட்டைத் தளர்த்திக் கதவைத் தூக்கி இறுக்கினால் மூலை உட்காரும். குழாய் சிவப்புக்கு எபாக்ஸி பெயின்ட் இரண்டு பூச்சு, நடுவே ஒரு நாள் உலரவிட்டு.

19. தாமிரபரணி

மூலை பிடித்துவிட்டது, நோட்டு இழுத்தால் தடுக்கிறது. ஸ்டெபிலைசர் இதுவரை போடவில்லை. இங்கே ராத்திரி 175 வோல்ட் வரை இறங்குகிறது. தேவையா?

20. குளிர்வாயு

175 என்றால் கட்டாயம் தேவை. குறைந்த வோல்டேஜில் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் திணறும், ரிலேயும் வைண்டிங்கும் சூடேறும். 260 லிட்டருக்கு 500 வி.ஏ. போதும், உள்ளீடு 130 அல்லது 140-லிருந்து எடுக்கக்கூடியது. முக்கியமாக டைம் டிலே (கரண்ட் வந்தபின் காத்திருந்து விடும் நேரம்) 3 நிமிடமாவது இருக்க வேண்டும். கரண்ட் போய் உடனே வந்தால் இரு பக்க அழுத்தமும் சமமாகும் முன்பே கம்ப்ரசர் கிளம்பப் பார்க்கும், அங்கேதான் பல பழைய கம்ப்ரசர்கள் நின்றுபோகின்றன.

பின்னால் சுவருக்கு ஒரு சாண் இடைவெளி விடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்டென்சர் ஒட்டடையை பிரஷால் தட்டுங்கள். பின்னாளில் இதை எடைக்குப் போடும்போது கேஸ் குழாயை வெட்டி விடாதீர்கள். ஆர்-134ஏ ஒரு கிலோ, கரியமில வாயு 1,430 கிலோவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். மின்கழிவு வாங்க அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள். அதுவரை வாசலிலோ மாடியிலோ கிடக்க நேர்ந்தால் இரண்டு கதவையும் கீலோடு கழற்றித் தனியே வையுங்கள். விளையாடும் குழந்தை உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டால் உள்ளிருந்து திறக்க முடியாமல் போகலாம்.

21. தாமிரபரணி

ஸ்டெபிலைசர் நாளைக்கே வாங்குகிறேன். 3 நிமிட டிலே உள்ளதா என்று பெட்டியில் பார்த்து வாங்குகிறேன் அண்ணா.